பஸ்ஸேறிய சட்டி

என் வீட்டுக்காரர் ஒரு சட்டியைக் கொடுப்பதற்கு முன்னால் இஸ்திகாரா தொழுவார். கல்யாணம், தூரப் பயணம், காணி வாங்குவது என்று மனிதர்கள் முடிவெடுக்க முடியாமல் நிற்கும்போது அல்லாஹ்விடம் வழி கேட்டுத் தொழுகிற தொழுகை அது. இவர் மீன் ஆணம் காய்ச்சுகிற மண்சட்டிக்குத் தொழுதார்.

“பாவம் புடிக்கும்” என்று நான் சொல்லாத நாளில்லை.

“நீ உன்ட வேலயப் பாரு, ஜெய்னம்பு. குடுத்த பொறகு திருப்பி எடுக்க ஏலுமா?” என்பார். கேட்டால் நியாயம் மாதிரித்தான் இருக்கும். அவர் சொல்வதெல்லாம் அப்படித்தான். தனித்தனியாகக் கேட்டால் நியாயம், சேர்த்துப் பார்த்தால் பைத்தியம்.

அவர் பெயர் இஸ்ஹாக். பிறவிக் குயவர் இல்லை. பள்ளிவாசல்துறையில் த்ரீவீல் ஓட்டுகிறவர். எங்கள் இரண்டு குடும்பத்திலும் மீன் பிடித்தவர்கள் உண்டு, கருவாடு போட்டவர்கள் உண்டு, உப்பளத்துக்குப் போனவர்கள் உண்டு. சட்டி வனைந்தவர் என்று ஒருவரும் இல்லை. ஒரு தடவை வண்ணாத்திவில்லுப் பக்கம் ஹயர் போனார். ஹயர் பிடித்து வந்த ஆள் காணி பார்க்க உள்ளே போக, இவர் பக்கத்திலிருந்த ஒரு சிங்களக் குயவரின் வேலியோரம் நின்று சக்கரம் சுழல்வதைப் பார்த்திருக்கிறார். பார்த்தவர் அப்படியே உள்ளே போய்க் குந்திவிட்டார். பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது கையெல்லாம் களிமண், முகமெல்லாம் சிரிப்பு. “கூட்டிக்கொண்டு போன ஆள் எங்க?” என்று கேட்டேன். அப்போதுதான் அப்படி ஒரு மனிதர் இருந்ததே அவர் ஞாபகத்துக்கு வந்தது. அந்த மனிதர் ஏதோ ஒரு லொறியில் தொத்திக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார். இன்றுவரை எங்கள் வண்டியில் ஏறுவதில்லை.

முதலில் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் உப்புத்தண்ணிக் களப்பின் மண்ணில்தான் ஆரம்பித்தார். கண்ணுக்கு நல்ல மண். ஆனால் சுட்டு எடுத்த சட்டி முழுக்க வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. அதில் காய்ச்சிய ஆணத்துக்கு நான் உப்பே போடவில்லை. அப்படியிருந்தும் சாப்பிட்ட என் கூடப்பிறந்த நானா அபூசாலிக்குப் பிரஷர் ஏறியது. அதற்குப் பிறகு வண்ணாத்திவில்லுக் குளத்து மண்தான். த்ரீவீலின் பின் சீட்டில் முதலில் மண் சாக்கு ஏறும், இடமிருந்தால் மனிதர்கள் ஏறலாம். எங்கள் வண்டியில் புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போனவர்களை வரிசையில் நிற்கும்போதே அடையாளம் சொல்லிவிடலாம். எல்லாருக்கும் பின்பக்கம் சிவப்பாக இருக்கும்.

குறை சொன்னாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். சக்கரத்துக்கு முன்னால் அவர் குந்தியிருப்பதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருக்கும். கல்யாணம் முடித்த புதிதில்கூட அந்த முகத்தை நான் கண்டதில்லை. மண் உருண்டை முதலில் அடங்காமல் கோணல் மாணலாகத் துள்ளும். இவர் இரண்டு கையாலும் அணைத்து, மூச்சையும் பிடித்துக்கொண்டிருப்பார். திடீரென்று அது நடுவுக்கு வந்து அசையாமல் நின்று சுழலும். அப்போது ‘ஹா’ என்று ஒரு சிரிப்பு வரும். எத்தனை சட்டி வனைந்தாலும் அந்தச் சிரிப்பு புதிதாகத்தான் வரும். பிறகு பெருவிரலை உள்ளே அமுக்குவார், மண் வாயைத் திறக்கும். கையை உயர்த்துவார், மண்ணும் கூடவே எழும்பும். “பாரு ஜெய்னம்பு, கூப்பிட்டா வாறா” என்பார். நான் கூப்பிட்டால் அவர் சோற்றுக்கு வருவதில்லை என்பதை அந்த நேரத்தில் சொல்ல எனக்கு மனம் வராது.

தொழுகை நேரம் வந்தால் அடுத்த கூத்து. நகத்தில் களிமண் காய்ந்திருந்தால் தண்ணீர் தோலில் படாது, தொழுகைக்கு முன் கை கால் கழுவுகிற வுழூ சேராது. ஆகவே பாங்கு சொன்ன நேரத்திலிருந்து ஈர்க்கிலால் நகத்தைக் கிண்டிக்கொண்டிருப்பார். ஜமாஅத் பாதியில்தான் போய்ச் சேருவார். நகத்தைக் கவனித்தவர் தாடியை மறந்துவிட்டு முகத்தைத் தரையில் வைத்து ஸுஜூது செய்ததில், பள்ளிப் பாயில் சிவப்பாக ஒரு திட்டு விழுந்தது. அன்றிலிருந்து கடைசி வரிசையில் தூணோரம் அவருக்கென்று ஓர் இடத்தை ஒதுக்கிவிட்டார்கள்.

சட்டி வாங்க வருகிறவர்களைக் கதிரையில் இருத்தி, எதிரே இவர் இருப்பார். விறகா, காஸா? அகப்பை மரமா, இரும்பா? யார் கழுவுகிறது, எதால் கழுவுகிறது? தேங்காய்த் தும்பு என்று சொன்னால் முகம் மலரும். கம்பித் தும்பு என்று யாராவது வாய்தவறி உண்மையைச் சொல்லிவிட்டால் அத்தோடு சரி, தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுவார். எல்லாம் பொருந்தினால் இஸ்திகாரா. அதற்கும் மனம் ஒத்துவந்தால் சட்டியை என் பழைய சாரித் துண்டில் சுற்றிக் கொடுத்துவிட்டு, போகிறவர்கள் முடக்கில் மறையும் வரை வாசலில் நிற்பார். மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் கேட்கும்.

அதோடு விட்டாரா? வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் வெள்ளை ஜுப்பாவோடு சட்டிகளைப் பார்க்கப் புறப்படுவார். அதுவும் நடந்துதான். வண்டியை எடுங்கள் என்றால், “புள்ள குடுத்த வீட்டுக்கு ஹோன் அடிச்சிக்கொண்டா போற?” என்பார். வீட்டு ஆண்களுக்கு ஸலாம் சொல்லிவிட்டு நேராகக் குசினிக்குப் போவார். பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒதுங்கி நிற்பார்கள். சட்டியைத் தூக்கி, விரலால் சுண்டிச் சத்தம் கேட்டு, ஆணம் இருந்தால் ஒரு கரண்டி குடித்து, “நல்லா இரிக்கிறா” என்று சந்தோஷமாகத் திரும்புவார்.

மண்சட்டி என்றால் உடையும். இது உலகத்துக்கே தெரியும், என் வீட்டுக்காரரைத் தவிர. கடற்கரைத் தெருவில் ஒரு வீட்டில் பூனை தட்டி ஒரு சட்டி உடைந்தது. இவர் ஆரோ மவுத்தானதுபோல ‘இன்னாலில்லாஹ்’ சொல்லி, ஓடுகளைத் துவாயில் பொறுக்கிக்கொண்டு வந்து, சாப்பிடாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். த்ரீவீலும் படுத்துவிட்டது. அந்தக் கிழமை முழுக்க ஊர்ப் பிள்ளைகள் டியூஷனுக்கு நடந்தார்கள். பக்கத்து வீட்டு ஃபஸ்னாவின் மாமிக்குப் பல்வலி வந்தது. வீங்கிய கன்னத்தோடு மீன் லொறியில் ஆஸ்பத்திரிக்குப் போய், மீன் மணத்தோடு திரும்பி வந்தாள். அதோடு ஊர்ப் பெண்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். இனிமேல் இஸ்ஹாக் நானாவின் சட்டி உடையாது.

உடைந்துகொண்டுதான் இருந்தது. கை வழுக்கி உடைந்தது, தண்ணிப் பைப்பில் இடித்து உடைந்தது, பிள்ளைகளின் பந்து பட்டு உடைந்தது. ஆனால் ஒன்றும் அவர் காதுக்குப் போகவில்லை. கடைசியில் ஊரில் முழுதாக மிஞ்சியது ஃபஸ்னாவின் சட்டி ஒன்றுதான். எனவே வெள்ளிக்கிழமைகளில் அந்த ஒரு சட்டியே எல்லா வீட்டிலும் இருந்தது. இவர் முன்வாசலால் நுழைய, சட்டி பின்வேலியால் வந்து அடுப்பில் ஏறும். இவர் முன்வாசலால் வெளியேற, சட்டி அடுத்த வேலியைத் தாண்டும். தூக்கிக்கொண்டு ஓடுவது ஃபஸ்னாவும் நானும். இதற்காகவே வாட்ஸப்பில் ‘சட்டி’ என்று ஒரு குரூப் தொடங்கினோம். “நானா இப்ப பள்ளிக்கிட்ட”, “இங்க தேத்தண்ணி குடிக்கிறார், அவசரமில்ல”, “சட்டி எங்க, சட்டி எங்க, வாசலுக்கு வந்திட்டார்” என்று ஃபோன் ஓயாமல் அடிக்கும். குரூப்புக்கு நான்தான் அட்மின்.

ஒரு நாள் ஃபஸ்னாவுக்குச் சட்டியைக் காலி பண்ண நேரமில்லாமல் பாரை மீன் ஆணத்தோடேயே ஓடவேண்டியதாயிற்று. இவர் போன வீடெல்லாம் அதே ஆணத்தில் ஒவ்வொரு கரண்டி குடித்து, ஒவ்வொரு வீட்டுக்காரியின் கைப்பக்குவத்தையும் தனித்தனியாகப் புகழ்ந்துவிட்டு வந்தார். “எல்லாம் நல்லம். ஆனா ஃபஸ்னாட ஆணத்தில மட்டும் புளி கூட” என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். எனக்குச் சிரிப்பை அடக்கி அடக்கி வயிறு நொந்துபோனது.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் எங்கள் மகள் ஷஃபீனாவின் கல்யாணப் பேச்சு வந்தது.

மாப்பிள்ளை ஸுஹைப், புத்தளத்தில் ஃபோன் திருத்துகிற கடை வைத்திருக்கிறவன். அவனுடைய உம்மா அஸ்மியா, வாப்பா இல்லாத பிள்ளையைத் தனியாக நின்று வளர்த்தவள். பொய் சொல்லாத மனுஷி என்று பெயரெடுத்தவள். விருந்துக்குப் போன வீட்டில் சோறு குழைந்திருந்தால், குழைந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் கை வைப்பாள். இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் ஊருக்கு ஒரு கல்யாணத்துக்கு வந்தவள், மகனையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்குச் சட்டி வாங்க வந்தாள். இவர் விசாரணையை ஆரம்பித்தார். உண்மையே பேசுகிற மனுஷியிடம் விசாரணை நீளும்தானே. மத்தியானம் லுஹர் முடிந்து தொடங்கிய பேச்சு பின்னேரம் அஸர் பாங்கில்தான் முடிந்தது. அவ்வளவு நேரமும் ஸுஹைப் முற்றத்தில் நின்றான், ஷஃபீனா தேத்தண்ணி கொண்டுவந்தாள், பிறகு தண்ணி கொண்டுவந்தாள், பிறகு ஒன்றும் கொண்டுவராமலே வந்தாள். அன்று தொடங்கியது அது.

இப்போது அஸ்மியாவே ஃபோன் எடுத்து முறையாகக் கேட்டாள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. நல்ல பொடியன், நல்ல இடம், பிள்ளைக்கும் விருப்பம். இவரிடம் சொன்னேன். சக்கரத்தை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

“என்ட சட்டி ரெண்டு வருஷமா அவங்கட வீட்டில இரிக்கு. தூரமெண்டு நான் ஒரு நாளும் போய்ப் பாக்கல்ல. முதல்ல அதப் பாக்கணும்.”

“சட்டியப் பாத்தா மாப்பிள்ள எடுக்கிற?”

“என்ட சட்டி நல்லா இரிக்கிற வீட்டுக்குத்தான் என்ட புள்ள போவா. வல்லாஹி.”

அல்லாஹ்மீது சத்தியம் பண்ணிவிட்டால் இவரைப் பிறகு மண்வாரி மெஷின் கொண்டுவந்தாலும் அசைக்க முடியாது. கதவுக்குப் பின்னாலிருந்து ஷஃபீனா எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். “உம்மா, ஸுஹைபத் தவிர வேற ஆரையும் நான் முடிக்கமாட்டன். ஏதாவது செய்ங்க” என்று என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். என் ஒரே பிள்ளை. அவளுடைய வாழ்க்கை ஒரு மண்சட்டியில் போய்த் தொங்கியது.

அஸ்மியாவுக்கு ஃபோன் எடுத்தேன். “மச்சி, அந்தச் சட்டி இரிக்கா?” என்று சம்பந்தி முறை சொல்லி, சும்மா கேட்பதுபோல் கேட்டேன்.

“இரிக்கு. பத்திரமா இரிக்கு” என்றாள்.

இந்த வசனத்தை நான் ஊரிலுள்ள எல்லாப் பெண்களின் வாயாலும் கேட்டவள். அதுவும் காஸ் அடுப்பு, டைல்ஸ் தரை உள்ள வீட்டில் ஒரு சட்டி இரண்டு வருஷம் தாங்குமா? சம்பந்தம் குழம்பிவிடும் என்று பயந்து அவளும் சொல்கிறாள் என்று நினைத்தேன். பொய் சொல்லாதவள் என்று ஊரே சொன்ன பெண்ணை நான் ஒருத்திதான் நம்பவில்லை. அட்மினாக இருந்து இருந்து என் புத்தி அப்படிப் போய்விட்டது.

மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற நாள் காலையில் ஃபஸ்னா தன் சட்டியோடு புத்தளம் பஸ்ஸில் ஏறினாள். மடியில் வைத்து ஷோலால் மூடிக்கொண்டிருந்தாளாம். குழந்தை என்று நினைத்து ஒருத்தி எழும்பி ஜன்னலோர சீட்டையும் கொடுத்தாளாம். “காத்துப் படாம மூடுங்க, புள்ளைக்குச் சளி புடிக்கும்” என்று வேறு சொன்னாளாம்.

நாங்கள் த்ரீவீலில் புறப்பட்டோம். இவர், நான், என் நானா அபூசாலி. பஸ் எங்களுக்கு முன்னால் போய்ச் சேரவேண்டுமே. நான் பேர்ஸை மறந்தேன், திரும்பி வந்து எடுத்தோம். முந்திரிகைப் பழம் வாங்கவேண்டும் என்றேன், நிறுத்தினார். தலை சுற்றுகிறது என்றேன், மர நிழலாகப் பார்த்து நிறுத்தி, “ஆறுதலா இரு, அவசரமில்ல” என்றார். இந்த மனிதர் இவ்வளவு பொறுமையாக இருக்க மாட்டாரே என்று எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது. அந்த அவதியில் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

அஸ்மியாவின் வீட்டு வாசலில் காலை வைக்கப் பயமாக இருந்தது. தரை அப்படி மினுங்கியது. கதிரைகளெல்லாம் கடையிலிருந்து வந்த பொலித்தீனோடு இருந்தன. ஸுஹைப் தலையைக் குனிந்துகொண்டு ஸலாம் சொன்னான். அபூசாலி நானா பிஸ்கட்டைக் கையில் எடுத்தார். இவர் கதிரையில் இருக்கவே இல்லை.

“குசினி எந்தப் பக்கம், மகன்?”

நானும் பின்னால் ஓடினேன். குசினியில் ஃபஸ்னா ஒரு மூலையில் நின்று வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். அடுப்பில் அவளுடைய கரிபிடித்த சட்டி. அஸ்மியா இடுப்பில் கை வைத்தபடி நின்றாள்.

“வாங்க மச்சி. இந்தப் புள்ள வந்து என்ட அடுப்பில அவட சட்டிய வெச்சிட்டு, எடுக்கவே மாட்டனெண்டு நிக்கிறா. கேட்டா, நீங்க செல்லித்தான் எண்டு செல்றா. பொய்க்குத் தொண நிண்டா கல்யாணத்தில பரக்கத் இரிக்குமா?” என்று முகத்துக்கு நேரே கேட்டாள்.

எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. டைல்ஸ் நிலம், அதுவும் பிளக்காது. என் வீட்டுக்காரர் அடுப்புக்குக் கிட்டப் போய், அந்தச் சட்டியின் வயிற்றைத் தடவினார்.

“வாம்மா, என்ட தங்கம். இந்த வயசில ஒன்ன பஸ்ஸிலயும் ஏத்திட்டாங்களா?”

ஃபஸ்னாவின் கத்தி நின்றது.

“ஒங்களுக்குத் தெரியுமா?” என்றேன்.

“நான் வனஞ்ச சட்டிய எனக்குத் தெரியாதா, ஜெய்னம்பு? கிழமைக்குக் கிழமை வீட்டுக்கு வீடு ஒரே முகம். மூச்சிரைக்க வேற இரிப்பா. வேலில இடிபடாம வந்து சேரட்டுமெண்டுதான் நான் மெதுவா நடக்கிறது.”

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. எத்தனை வெள்ளிக்கிழமை! எத்தனை வேலி! முள்ளுக்கம்பியில் கிழிந்த என் உடுப்பு எத்தனை! “தெரிஞ்சிக்கொண்டா எங்கள ஓட விட்டீங்க?” என்று சம்பந்தி வீடென்றும் பார்க்காமல் கத்தினேன்.

“நீங்க ஓடுறது எனக்குச் சந்தோஷமா இரிந்திச்சி” என்றார். வெட்கப்படவும் இல்லை. “ஒவ்வொருத்தியும் நெருப்பில வெச்சி, கழுவி, தூக்கி, பாவிச்சித்தான் உடைச்சாங்க. உடைஞ்ச பொறகும் எனக்கு நோகக்கூடாதெண்டு ஒரு ஊரே ஓடுது. இதுக்கு மேல ஒரு சட்டிக்கு என்ன வேணும்?”

அஸ்மியாவுக்கு இந்தக் கதையொன்றும் தலை கால் விளங்கவில்லை. “அது கிடக்கட்டும், என்ட சட்டியப் பாக்க வாங்க” என்று பெருமையாக முன்னறைக்குக் கூட்டிப் போனாள்.

கண்ணாடி அலுமாரியில் தங்கக் கரை போட்ட கோப்பைகளுக்கு நடுவே எங்கள் சட்டி இருந்தது. சூளையிலிருந்து எடுத்த அன்றைய சிவப்பு, மாறவே இல்லை. உள்ளே ஒரு கட்டு பிளாஸ்டிக் ரோஜாப் பூ. நான் மனதுக்குள் அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன். உண்மையாகவே இருந்திருக்கிறது! முழுதாக இருந்திருக்கிறது!

இவர் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றார். “இதில ஒரு நாளும் ஆணம் காய்ச்சல்லயா, ராத்தா?”

“நெருப்பிலயே வைக்கல்ல, மனசு வரல்ல! கிழமைக்கு ஒருக்காத் துடைக்கிறது. ஆரையும் தொட விடுறதில்ல.”

அவர் பொலித்தீன் கதிரையில் மெல்ல இருந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

“அப்ப இவ நல்லா இல்ல” என்றார்.

அபூசாலி நானா பிஸ்கட்டைக் கீழே வைத்தார். “மச்சான், கண் தெரியுதா இல்லயா? ஒரு கீறல் இல்லாம முழுசா இரிக்கே!”

“முழுசா இரிக்கிறதும் நல்லா இரிக்கிறதும் ஒண்டா, மச்சான்? சட்டியெண்டா அதுக்கொரு அடுப்பு வேணும். ரெண்டு வருஷமா கண்ணாடிக்குள்ள, வாயில பூவ வெச்சி அடச்சி... வல்லாஹி எண்டு செல்லிட்டன். எழும்பு ஜெய்னம்பு, போவம்.”

“உங்கட மகள் களிமண் இல்ல!” என்றேன். குரல் உடைந்துவிட்டது.

“அதத்தான் நானும் செல்றன்” என்றார். அவர் குரலும் உடைந்துதான் இருந்தது. “ஷஃபீனா நம்மட குசினில சத்தம் போட்டுப் பாடுவா. பீங்கானப் போட்டு உடைப்பா. இந்த வீட்டில அவ கால எங்க வைப்பா?”

வாசலில் நின்றபோது எனக்கும் அதே பயம்தான் வந்தது, ஒருவருக்கும் சொல்லவில்லை. கைப்பையில் ஃபோன் நடுங்கியது. எடுத்துப் பார்த்தேன். ‘உம்மா, முடிஞ்சா?’ என்று ஷஃபீனா அனுப்பியிருந்தாள். ஸுஹைப் சுவரோடு சுவராக நின்றான். அவன் கண் கலங்கியிருந்ததைப் பார்த்து எனக்கு இன்னும் அழுகை வந்தது.

அஸ்மியா அலுமாரியைத் திறந்தாள். ரோஜாப் பூக்களைப் பிடுங்கி எறிந்தாள். சட்டியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போனாள். ஃபஸ்னாவின் சட்டியை இறக்கி இதை ஏற்றி, எங்களுக்காகக் காய்ச்சி அலுமினியச் சட்டியில் வைத்திருந்த கீரிமீன் ஆணத்தை அப்படியே இதற்குள் கவிழ்த்து, காஸை முழுக்கத் திறந்துவிட்டாள்.

இவர் கதிரையிலிருந்து பாய்ந்தார். “ராத்தா! பச்சச் சட்டி! முதல்ல கஞ்சித் தண்ணி ஊத்திப் பழக்கணும்! நெருப்பக் குறைங்க!”

“கண்ணாடிக்குள்ள வெச்சாலும் குத்தம், அடுப்பில வெச்சாலும் குத்தமா?”

“மெதுவா வைங்க எண்டுதான் செல்றன்!”

“என்ட அடுப்பு, எனக்குத் தெரியும்!”

அவர் காஸைக் குறைக்க, அவள் கூட்ட, அவர் குறைக்க, அவள் அகப்பையால் அவர் கையில் ஒன்று போட்டாள். அகப்பை மரம்தான் என்பதை அந்த நேரத்திலும் அவர் கவனித்துத் தலையாட்டினார். நாங்கள் எல்லாரும் குசினி வாசலில் நெருக்கிக்கொண்டு நின்றோம். ஆணம் மெல்லக் கொதிக்கத் தொடங்கியது. தேங்காய்ப்பாலும் மஞ்சளும் சூடான மண்ணில் பட்டு ஒரு வாசம் வந்தது. இவர் மூக்கை விரித்தார். முகத்தில் உயிர் வந்தது.

அப்போது ‘டிக்’ என்றது.

பெரிய சத்தமில்லை. ஆனால் மண்சட்டியோடு வாழ்ந்தவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். ஃபஸ்னா வாயைப் பொத்திக்கொண்டாள். சட்டியின் அடிவயிற்றில் மயிரிழை போல ஒரு கோடு. அதிலிருந்து மஞ்சளாக ஒரு துளி கசிந்து நெருப்பில் விழுந்து சுர்ரென்றது. அடுத்த துளி. அடுத்தது.

அஸ்மியாவைப் பார்த்தேன். சோறு குழைந்திருந்தால் குழைந்திருக்கிறது என்று சொல்கிற மனுஷி. வாயைத் திறந்தாள். முடிந்தது என்று நினைத்தேன். என் மகளின் அழுகை இப்போதே காதில் கேட்டது.

அஸ்மியா மூடியை எடுத்துச் சட்டியை மூடினாள். கழுத்தில் நரம்பு துடித்தது. பழக்கமில்லாத வேலை, பாவம்.

“ஒண்டுமில்ல” என்றாள். “நல்லா இரிக்கு.”

இவர் சட்டியைப் பார்த்தார். பிறகு அஸ்மியாவைப் பார்த்தார். ஆணம் அடுப்பைத் தாண்டி, டைல்ஸ் கல்லில் ஓடி, விளிம்பால் அவருடைய வெள்ளை ஜுப்பாவில் வடிந்து, வெறுங்காலில் சொட்டியது. சுட்டிருக்கும். கால் விரல்கள் மடங்கின. காலை எடுக்கவில்லை.

“ஓம், ராத்தா” என்றார். “நல்லா இரிக்கு.”

வேறெதுவும் ஒழுகத் தொடங்குவதற்கு முன் அபூசாலி நானா அவசர அவசரமாக இரண்டு கையையும் ஏந்தி, சம்பந்தம் முடிந்ததென்று ஃபாத்திஹா ஓதினார். நாங்கள் எல்லாரும் ஆமீன் சொன்னோம். ஸுஹைபின் ஆமீன்தான் எல்லாருக்கும் மேலாகக் கேட்டது.

நான் முற்றத்துக்கு வந்து ஷஃபீனாவுக்கு ஃபோன் எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

“உம்மா? சட்டி?”

“நல்லா இரிக்கு, மகள்” என்றேன். அந்தப் பக்கம் அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. ஜன்னலால் உள்ளே பார்த்தேன். அஸ்மியா மினுங்குகிற தன் தரையில் முட்டிபோட்டு மஞ்சளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் பக்கத்தில் குந்தியிருந்து அவளுக்குத் துணி பிழிந்து கொடுத்துக்கொண்டிருந்தார்.